வலியின் வரலாறு – 17: நிருபரின் வயிறும் மூன்று ஊசிகளும்

1846-இல் பாஸ்டனில் மார்ட்டன் ஈதரைக் கொடுத்துக் காட்டியதோடு சென்ற இதழில் நிறுத்தியிருந்தோம். அதற்குப் பிறகு ஒன்றேகால் நூற்றாண்டுக் காலம், கத்தி வைக்குமுன் மருந்து கொடுத்து வலியை அடக்கியாக வேண்டும் என்பது அறுவை அரங்கின் மாறாத விதியாக இருந்தது. எந்த மருந்து, எவ்வளவு, யார் கொடுப்பது என்றுதான் வாதாடினார்களே தவிர, மருந்தே வேண்டாம் என்றவர்களை மருத்துவ உலகம் பொருட்படுத்தவில்லை. 1971 கோடையில் அந்த விதி ஆட்டம் கண்டது. மெல்லிய ஊசிகளைக் குத்திவிட்டு, நோயாளி கண் விழித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைத் திறக்கிறார்கள் என்று சீனாவிலிருந்து செய்தி வந்தது. அமெரிக்கர்களில் பெரும்பாலோர் அக்குபங்சர் என்ற பெயரையே அப்போதுதான் கேள்விப்பட்டார்கள்.

அந்தக் கோடையின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். அக்குபங்சரைக் கொண்டாடுகிறவர்களும் சரி, ஏளனம் செய்கிறவர்களும் சரி, இன்றுவரை அதைத் தவறாகத்தான் சொல்லிவருகிறார்கள். அந்தத் தவறுக்குப் பல நோயாளிகள் விலை கொடுத்திருக்கிறார்கள்.

ஜேம்ஸ் ரெஸ்டன் நியூயார்க் டைம்ஸின் மூத்த பத்தி எழுத்தாளர். வாஷிங்டனில் அவருக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது என்று பெயர். 1971 ஜூலை 8-ஆம் தேதி மனைவியுடன் தெற்குச் சீனாவுக்குள் நுழைந்தார். தலைநகருக்கு உடனே போக முடியவில்லை. வழியிலேயே சில நாள் நிறுத்திவைத்து, 12-ஆம் தேதி காலையில்தான் ரயிலில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். காரணம் பிறகு விளங்கியது. ஜூலை 9 முதல் 11 வரை அமெரிக்க அதிபரின் ஆலோசகர் ஹென்றி கிஸ்ஸிங்கர் பெய்ஜிங்கில் இரகசியமாகத் தங்கி, பிரதமர் சூ என்லாயுடன் பேசிக்கொண்டிருந்தார். அதிபர் நிக்ஸன் சீனாவுக்கு வரப்போகிறார் என்ற நூற்றாண்டின் பெரிய செய்தி, ரெஸ்டனின் மூக்குக்குக் கீழேயே நடந்து முடிந்திருந்தது. அதை அதிகாரிகள் அவரிடம் சொன்ன நொடியில்தான் அடிவயிற்றில் முதல் வலி குத்தியதாகத் தமக்கு நினைவு என்று பின்னர் எழுதினார். அன்று மாலையே கடும் காய்ச்சல்.

குடல்வால் அழற்சி. அவரை அழைத்துச் சென்ற இடத்துக்கு அப்போது ஏகாதிபத்திய எதிர்ப்பு மருத்துவமனை என்று பெயர். பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் சூட்டிய பெயர் அது. அந்த மருத்துவமனையைக் கட்டியதே அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளைதான். மூத்த நிபுணர்கள் பதினொரு பேர் ஒத்துழைக்கவேண்டும் என்று சூ என்லாய் கேட்டுக்கொண்டிருந்தார். ஜூலை 17 அன்று பேராசிரியர் ஊ வெய்ரான் குடல்வாலை அகற்றினார்.

எப்படி வலியை அடக்கினார்கள்? இங்கேதான் கவனம் தேவை. நம் ஊர்ப் பல் மருத்துவர் போடுகிறாரே, அந்த சைலோகெய்ன் வகை மரத்துப்போகும் ஊசியைப் போட்டுத்தான் அறுத்தார்கள். அக்குபங்சரால் அல்ல. ரெஸ்டனே இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார்.

அக்குபங்சர் வந்தது அறுவை முடிந்த பிறகு. வயிறு காற்றடைத்து உப்பி, இரவில் தூங்கவிடாமல் வதைத்தது. வயிற்று அறுவைக்குப் பிறகு குடல் சில நாள் இயங்காமல் கிடக்கும். அந்த வேதனையை அனுபவித்தவர்கள் அறிவார்கள். மருத்துவமனையின் அக்குபங்சர் மருத்துவர் லீ சாங்யுவான் வந்தார். 36 வயது. மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அல்லர். அனுபவசாலி ஒருவரிடம் இருந்து தொழில் பழகியவர். நோயாளியின் அனுமதியோடு வலது முழங்கையின் வெளிப்புறத்திலும் முழங்கால்களுக்குக் கீழேயுமாக மூன்று ஊசிகளைச் செருகி, அவ்வப்போது திருகிக்கொண்டே இருந்தார். கை கால்களில் வலி அலையலையாக ஓடியது. கூடவே, நம் மாசிபத்திரிக்கு உறவான ஒரு மூலிகையைச் சுருட்டிப் பற்றவைத்து, அந்த வெப்பத்தை வயிற்றருகே காட்டினார். எல்லாமாக இருபது நிமிடம். ஒரு மணி நேரத்துக்குள் உப்புசம் தணிந்தது, திரும்பி வரவில்லை.

ஜூலை 26 அன்று இந்த அனுபவம் நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தில் வந்தது. அப்போலோ 15 நிலவுக்குக் கிளம்பிய அதே நாள். கட்டுரை அடக்கமானது: எனக்கு இது நடந்தது, இப்படித் தோன்றியது, இதற்கு மேல் எனக்குத் தெரியாது என்கிற தொனியில் எழுதப்பட்டது. ஆனால் கதை கைமாறக் கைமாற வடிவம் மாறியது. சில மாதங்களில், அமெரிக்க நிருபர் ஒருவருக்கு மயக்கமருந்தே இல்லாமல் ஊசி குத்தி வயிற்றைக் கிழித்தார்களாம் என்று ஆகிவிட்டது. இன்றும் பல நூல்களில் அப்படித்தான் இருக்கிறது. ஒரு நோயாளி உண்மையாகப் பெற்ற சிறு நிவாரணம் மறைந்துபோய், நடக்காத ஓர் அற்புதம் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

அந்த அற்புதத்துக்கு வேறோர் ஊற்றும் இருந்தது. அதே ஜூலை மாதத்தில்தான் சீன அரசு, அக்குபங்சர் மயக்க முறையில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் செய்திருப்பதாக உலகுக்கு அறிவித்தது. முயற்சி உண்மையானது. 1958-இல் ஷாங்காய் முதல் மக்கள் மருத்துவமனையில் டான்சில் அறுவையில் அது தொடங்கியது. டான்சில் எடுத்தபின் வரும் தொண்டைவலிக்கு ஊசி உதவுகிறதே, எடுக்கும்போதே குத்தினால் என்ன என்ற எளிய யோசனைதான். இரண்டே ஆண்டில் நுரையீரல் அறுவைவரை போய்விட்டார்கள். அந்த வேகத்தில் மருத்துவம் பாதி, அரசியல் பாதி. மாவோ ‘பெரும் பாய்ச்சல்’ இயக்கத்தைத் தொடங்கிய ஆண்டு 1958. சீன மருத்துவம் ஒரு பெரும் கருவூலம், அதைத் தோண்டி மேம்படுத்துங்கள் என்று மாவோ எழுதியதும் அதே ஆண்டில்தான்.

ரெஸ்டனின் உடலில் இறங்கிய ஊசியே அத்தனை பழையதல்ல என்பதை இங்கே சொல்லவேண்டும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய மஞ்சள் பேரரசரின் மருத்துவ நூலில் ஒன்பது வகை ஊசிகள் பேசப்படுகின்றன. அவற்றில் சில கட்டியைக் கீறுபவை, சில இரத்தம் வடிப்பவை. 1968-இல் மான்செங்கில் தோண்டிய ஓர் இளவரசரின் கல்லறையில் கிடைத்த பொன் ஊசிகளும் வெள்ளி ஊசிகளும் கி.மு. 113-ஐச் சேர்ந்தவை. 1027-இல் சோங் வம்ச அரசவை மருத்துவர் வாங் வெய்யி ஆளுயர வெண்கலச் சிலைகளை வார்த்து, ஊசிப் புள்ளிகளில் துளையிட்டு வைத்தார். மேலே மெழுகு பூசி, உள்ளே நீர் நிரப்பி, மாணவனைக் குத்தச் சொல்வார்களாம். சரியான இடத்தில் குத்தினால் நீர் கசியும். இத்தனை பெருமை கொண்ட கலை, 1822-இல் தாவோகுவாங் பேரரசரின் ஆணையால் அரசவை மருத்துவக் கழகத்திலிருந்தே வெளியேற்றப்பட்டது. அரச உடம்பில் ஊசி குத்துவது தகாது என்று காரணம் சொன்னார்கள். அதன்பின் ஒரு நூற்றாண்டு அது தெருவோர வைத்தியமாகத் தேய்ந்தது. 1929-இல் நாஞ்சிங் அரசின் சுகாதாரக் கூட்டம் சீன மருத்துவம் முழுவதையுமே ஒழித்துக்கட்டத் தீர்மானம் கொண்டுவந்தபோது, நாடெங்கிலுமிருந்து வைத்தியர்கள் மார்ச் 17 அன்று ஷாங்காயில் கூடி எதிர்த்துத்தான் பிழைத்தார்கள்.

அந்த நெருக்கடியில் அக்குபங்சருக்கு மறுபிறவி கொடுத்தவர் செங் தான்ஆன். 1899-இல் வைத்தியக் குடும்பத்தில் பிறந்தவர். மேலை மருத்துவமும் படித்தவர். இளவயதில் தம்மை வாட்டிய முதுகுவலி தந்தையின் ஊசியால் தீர்ந்தபோதுதான், ஏளனமாக விட்டுவைத்திருந்த குடும்பக் கலையின் பக்கம் திரும்பினார். 1931-இல் அவர் வெளியிட்ட நூல், உடற்கூறு வரைபடத்தின் மீது ஊசிப் புள்ளிகளை ஒவ்வொன்றாக மீண்டும் குறித்தது. இரத்தக்குழாய்கள் மேல் இருந்த புள்ளிகளை விலக்கி வைத்தார். ஜப்பானுக்குப் போய் அங்கே கற்பிக்கும் முறையைக் கண்டுவந்தார். அஞ்சல்வழிப் பள்ளி நடத்தினார், பத்திரிகை நடத்தினார். பருத்த ஊசிகளுக்குப் பதில் மயிரிழை போன்ற மெல்லிய ஊசி பரவியது. இன்று உலகெங்கும் ‘ஐயாயிரம் ஆண்டுப் பாரம்பரியம்’ என்ற விளம்பரத்தோடு குத்தப்படும் ஊசியில் செங்கின் கைவண்ணம்தான் பெரும்பகுதி. இந்த மனிதரின் பெயர் பல அக்குபங்சர் நிலையங்களில் தெரியாமலிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

செம்படைக்கு அக்குபங்சரைக் கொண்டுபோனவர் ஒரு பெண், சூ லியன். மேலை மருத்துவம் பயின்றவர். கம்யூனிஸ்டுகளின் தளமான யேனானின் முற்றுகைக் காலத்தில் மருந்து கிடைக்காது. ஊசியோ எப்போதும் பையில் இருக்கும். அங்கேதான் அவர் அக்குபங்சர் கற்றார். யின், யாங், நாடி வழிகள் என்ற பழைய விளக்கத்தை ஒதுக்கி, நரம்பு மண்டலத்தைக் கொண்டு 1951-இல் ‘புதிய அக்குபங்சர்’ என்று நூல் எழுதினார். 1960-களின் இறுதியில் கிராமம் கிராமமாகப் புறப்பட்ட வெறுங்கால் மருத்துவர்களின் பையிலும் அந்த ஊசிகள் இருந்தன. மருத்துவரே இல்லாத நாட்டுப்புறங்களுக்கு அது எவ்வளவு பெரிய துணை என்பதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. மாவோ தமக்கென்று வந்தபோது மேலை மருத்துவத்தையே நம்பினார் என்று அவருடைய சொந்த மருத்துவர் லீ ஷிசுயி பிற்காலத்தில் எழுதினார். அதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

இந்தியாவுக்கும் அக்குபங்சர் மாவோவின் சீனாவிலிருந்துதான் வந்தது. 1938-இல் ஜப்பானியப் படையெடுப்பை எதிர்த்த சீனர்களுக்கு உதவக் காங்கிரஸ் அனுப்பிய ஐந்து மருத்துவர்களில் கோட்னிஸ் அங்கேயே மறைந்தார். உடன் சென்ற பிஜய் குமார் பாசு, 1950-களின் இறுதியில் மறுபடியும் சீனா சென்று அக்குபங்சர் பயின்று, கல்கத்தாவில் அதைத் தொடங்கினார்.

நிக்ஸன் 1972 பிப்ரவரியில் சென்று திரும்பிய பின், அமெரிக்காவில் அக்குபங்சர் மோகம் காட்டுத்தீயாகப் பரவியது. நியூயார்க்கில் ஜூலையில் திறந்த நிலையம் ஒரே வாரத்தில் உரிமப் பிரச்சினையால் மூடப்பட்டது. 1973-இல் நெவாடா மாநிலம் முதலாவதாகச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது. அறுவை அரங்குகளைப் பார்க்க மருத்துவர்கள் அணி அணியாகச் சீனா போனார்கள். முதலில் போனவர்கள் வியந்து திரும்பினார்கள். பிறகு போனவர்கள் கேள்விகளோடு திரும்பினார்கள்.

அந்த இரண்டாம் வகையில் முக்கியமானவர் ஜான் பானிக்கா. இளவயதில் மல்யுத்தம் செய்து சம்பாதித்து மருத்துவம் படித்தவர். அந்தக் காயங்களின் வலியோடு வாழ்நாள் முழுவதும் வாழ்ந்தவர். வலியைத் தனித்துறையாக்கியவர் என்ற முறையில் அவரை அடுத்தடுத்த இதழ்களில் சந்திப்போம். 1973-இல் அவர் சீனாவில் கண்டது இது: நோயாளிகளைக் கவனமாகப் பொறுக்கி எடுக்கிறார்கள்; மொத்த அறுவைகளில் சிறு பகுதிக்கே இந்த முறை. முன்கூட்டியே தூக்கமருந்தோ வலிமருந்தோ கொடுக்கிறார்கள். தேவைப்பட்டால் வெட்டும் இடத்தில் மரத்துப்போகும் ஊசியும் உண்டு. நுரையீரல் அறுவைக்கு வருகிறவர்களுக்கு வயிற்றால் மூச்சுவிடும் பயிற்சி நாள்கணக்கில் தருகிறார்கள். அறுவை செய்பவரின் கை மிகமிக மென்மையாக இயங்குகிறது. தோல் அறுபடுவதைத் தாங்கும் நோயாளி, வயிற்றுக்குள் உறுப்பைப் பிடித்து இழுக்கும்போது துடிக்கிறார். 1980-க்குப் பிறகு சீனாவிலேயே இந்த முறை வெகுவாக ஒதுங்கிவிட்டது. ஊசி மட்டுமே அறுவைக்குப் போதும் என்ற கூற்று அங்கே தோற்றது. 2006-இல் பிபிசி தொலைக்காட்சி, ஊசி குத்தியே திறந்த இதய அறுவை நடந்ததாக ஒரு சீனப் பெண்ணைக் காட்டியது. அவருக்கு வலுவான மயக்கமூட்டும் மருந்துகளும் மார்பில் மரத்துப்போகும் ஊசியும் கொடுக்கப்பட்டிருந்தன என்பது பின்னர் வெளிவந்தது.

அத்துடன் கதை முடிந்திருந்தால் இந்த அத்தியாயத்துக்கே இடமில்லை. முடியவில்லை, ஏனென்றால் சிலர் அற்புதத்தை விட்டுவிட்டு அந்தச் சிறு நிவாரணத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

பெய்ஜிங் மருத்துவக் கல்லூரியின் உடலியங்கியல் ஆசிரியர் ஹான் ஜிஷெங் 1965 முதல் அதைத்தான் செய்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை மேடிட்டிருக்குமே, அந்த ‘ஹெகு’ புள்ளியில் ஊசி செருகித் திருகச் செய்து, ஆரோக்கியமான தன்னார்வலர்களின் தோலில் பல இடங்களில் வலி தோன்றும் எல்லையை அளந்தார். எல்லை உடனே உயரவில்லை. இருபது முப்பது நிமிடத்தில் மெல்ல மெல்ல உயர்ந்தது. ஊசியை எடுத்தபின் மெல்ல மெல்ல இறங்கியது. குத்தும் இடத்தை ஆழமாக மரத்துப்போகச் செய்துவிட்டுக் குத்தினால் எந்தப் பலனும் இல்லை. ஆகவே நரம்பு வழியாகச் செய்தி போகிறது. மெல்ல ஏறி மெல்ல இறங்குவதால் ஏதோ ஒரு வேதிப்பொருள் சுரந்து கரைகிறது. இதைச் சோதிக்க, ஊசி குத்திய முயலின் மூளைத் தண்டுவட நீரை எடுத்து, ஊசியே படாத முயலின் மூளைக்குள் செலுத்தினார். அந்த முயலுக்கும் வலி உணர்வு குறைந்தது. பண்பாட்டுப் புரட்சியின் கொந்தளிப்புக்கு நடுவே செய்த ஆய்வு இது. இந்தத் தொடருக்காகப் படித்த ஆய்வுகளில் என்னை மிகவும் நெகிழவைத்தவற்றில் ஒன்று.

அந்தப் பொருள் என்ன? விடை ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. 1975-இல் அபர்டீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்து என்கெஃபலின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அபினி எந்தப் பூட்டில் பொருந்துகிறதோ, அதே பூட்டில் பொருந்தும் சாவியை உடம்பு தானே செய்துகொள்கிறது. அந்தப் பூட்டை அடைத்துவிடும் மருந்து நாலாக்சோன். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் டொராண்டோவில் புரூஸ் பொமரான்ஸ் எலிகளிலும், வர்ஜீனியாவில் டேவிட் மேயர் குழுவினர் பல்வலிச் சோதனைக்கு முன்வந்த மனிதர்களிலும் அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஊசி தந்த நிவாரணம் நாலாக்சோன் போட்டதும் பெரிதும் மறைந்தது. ஊசி ஏதோ ஒன்றைச் செய்கிறது என்பதற்கு ஆய்வுக்கூடத்தில் கிடைத்த முதல் வலுவான சாட்சி அது.

அதற்குச் சற்று முன்பே, 1972-இல், ஹாங்காங் துங் வா மருத்துவமனையின் மூளை அறுவை நிபுணர் எச்.எல். வென் எதிர்பாராத ஒன்றைக் கண்டிருந்தார். அறுவைக்காக மின்சாரம் பாய்ச்சும் ஊசி குத்தப்பட்ட அபினி அடிமை ஒருவர், போதை நின்றால் வரும் தவிப்பு தமக்குப் போய்விட்டதாகச் சொன்னார். வென் நாற்பது பேரிடம் முயன்று, 1973-இல் வெளியிட்டார். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் லிங்கன் மருத்துவமனை அதை எடுத்துக்கொண்டு, காதில் ஐந்து புள்ளிகளில் குத்தும் முறையாக்கியது. ஏழைகள், கறுப்பினத்தவர், புவேர்ட்டோ ரிக்கர்கள் அந்த நாற்காலிகளில் அமைதியாக உட்கார்ந்திருந்த படங்களைப் பார்த்தால் யாருக்கும் மனம் இளகும். ஆனால் 2002-இல் வெளிவந்த, 620 கொக்கைன் அடிமைகளைக் கொண்ட பெரிய ஆய்வில், காது ஊசி பொய் ஊசியைவிடவோ வெறும் ஓய்வைவிடவோ சிறப்பாக வேலை செய்யவில்லை. மனம் இளகுவது வேறு, மருந்தாவது வேறு.

பொய் ஊசி என்றேன் அல்லவா, அங்கேதான் சிக்கல் முழுவதும் இருக்கிறது. மாத்திரையைச் சோதிக்கச் சர்க்கரை மாத்திரை போதும். ஊசிக்கு எதைக் கொடுப்பது? 1998-இல் ஜெர்மனியின் ஷ்ட்ரைட்பெர்கர், தோலைத் தொட்டதும் மேடை நாடகக் கத்திபோல் தன் பிடிக்குள்ளேயே மடங்கிக்கொள்ளும் மொட்டை ஊசியை உருவாக்கினார். வேறு சிலர் புள்ளியல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தினார்கள். அந்த முறையில்தான் ஜெர்மனியின் காப்பீட்டு நிறுவனங்கள் பணம் கொடுத்து, உலகிலேயே பெரிய ஆய்வுகளுள் சிலவற்றை நடத்தவைத்தன.

2007-இல் வெளிவந்த நாள்பட்ட கீழ்முதுகுவலி ஆய்வில் 1162 பேர். ஒரு பிரிவுக்கு முறையான ஊசி. ஒரு பிரிவுக்குப் புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமான பொய் ஊசி. மூன்றாவதற்கு வழக்கமான மாத்திரையும் உடற்பயிற்சியும். ஆறு மாதத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள்: முறையான ஊசியில் 47.6 சதவீதம், பொய் ஊசியில் 44.2 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 27.4 சதவீதம்.

இந்த மூன்று எண்களையும் நிதானமாகப் பாருங்கள். புள்ளிகளின் வரைபடம், நாடி வழிகள், வெண்கலச் சிலையில் வாங் வெய்யி இட்ட துளைகள் எல்லாம் சேர்ந்து கொடுத்த அனுகூலம் மூன்றே சதவீதம். அதையும் தற்செயல் என்று ஒதுக்கலாம். ஆனால் எந்த ஊசியாக இருந்தாலும், குத்தப்பட்டவர்கள் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களை வெகுதூரம் முந்திவிட்டார்கள். மேலோட்டமான குத்தலும் நரம்பைத் தூண்டத்தான் செய்கிறது. அரைமணி நேரம் ஒருவர் கவனத்தோடு தொட்டுப் பார்த்துக்கொள்வதும் சிகிச்சையில் சேரும். நம்பிக்கையும் உடம்பின் அபினியைச் சுரக்கவைக்கிறது. மூன்றில் எதன் பங்கு எவ்வளவு என்பதில்தான் இன்றும் போராடுகிறார்கள்.

வாந்தி விஷயத்தில் இத்தனை போராட்டம் இல்லை. மணிக்கட்டுக்குச் சற்று மேலே இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ‘நெய்குவான்’ என்றொரு புள்ளி. அறுவைக்குப் பின்னும் புற்றுநோய் மருந்தின்போதும் வரும் குமட்டலுக்கு அக்குபங்சர் உதவுவதாக அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய அறிஞர் குழு 1997-இலேயே ஒப்புக்கொண்டது. பல் அறுவைக்குப் பிந்தைய வலியையும் அதே பட்டியலில் சேர்த்தது.

தொற்று நோயை, கட்டியை, சர்க்கரையை ஊசி குணப்படுத்தும் என்பதற்கு இப்படிப்பட்ட சான்று எதுவும் இல்லை. இன்சுலினை நிறுத்திவிடுங்கள், காசநோய் மாத்திரையைத் தூக்கியெறியுங்கள் என்று நம் ஊர்களில் சிலர் சொல்லக் கேட்கிறோம். செங் தான்ஆன் அரும்பாடுபட்டுக் காத்த கலையின் பெயரால் அப்படிச் சொல்வது கொடுமை. உயிர் போகும் விஷயம் இது. சொல்பவர் எத்தனை கனிவானவராக இருந்தாலும் கேட்காதீர்கள்.

வலிக்கு ஊசியை ஏற்பதா என்பதில் அரசு அமைப்புகளும் ஒத்துப்போகவில்லை. ஜெர்மனியின் கூட்டுச் சுகாதாரக் குழு 2006-இல் முடிவெடுத்தது: நாள்பட்ட கீழ்முதுகுவலிக்கும் முழங்கால் மூட்டு வலிக்கும் அக்குபங்சர் செலவைப் பொதுக் காப்பீடு ஏற்கும், தலைவலிக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் ஏற்காது. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்போ 2009-இல் முதுகுவலிக்குப் பரிந்துரைத்தது. 2012-இல் ஜெர்மனி மறுத்த தலைவலிக்குப் பரிந்துரைத்தது. 2016-இல் முதுகுவலிக்கான பரிந்துரையைத் திரும்பப் பெற்றது. 2021-இல் காரணம் கண்டறிய முடியாத நாள்பட்ட வலிக்கு மீண்டும் சேர்த்துக்கொண்டது.

(தொடரும்)